நம் வீட்டிலும் விளக்கேற்றுவோம்



நம் பிரிந்த சகோதரர்கள் நடத்தும் ஓர் இதழின் வரலாற்றை இன்று சிந்திப்போம். அமெரிக்க இவாஞ்சலிக்கல் சபையினர் நாடு முழுவதற்குமாக வெளியிடும் 'கிறிஸ்டியானிட்டி டுடே' என்பது அதன் பெயர்.

புகழ்பெற்ற நற்செய்திப் போதகர் பில்லி கிரகாமின் எண்ணத்தில் உருவான இதழ் இது. முதல் இதழ் 1956 அக்டோபர் 15 அன்று வந்தது. ஆட்சியாளர் காதிலும் விழவேண்டும் என்று வாஷிங்டனில் அலுவலகம் அமைத்தார்கள். எண்ணெய் நிறுவன அதிபர் ஹோவர்ட் ப்யூ பணம் தந்தார். போதகர்கள் பலருக்கு இதழ் இலவசமாகவே போய்ச் சேர்ந்தது. முதல் ஆசிரியர் கார்ல் ஹென்றி, 1947-லேயே நூல் எழுதி, ஆன்ம மீட்பைப் பேசிவிட்டுச் சமூக அநீதியைக் காணாததுபோல் போகலாமா என்று தம் சபையினரைக் கேட்டவர்.

ஆனாலும், கறுப்பின மக்கள் சம உரிமைக்குப் போராடியபோது இதழ் தயங்கித் தயங்கியே பேசியது. 1960-ல் கத்தோலிக்கரான கென்னடி தேர்தலில் நின்றபோது நம்மையும் ஐயத்தோடு பார்த்தது. காலம் மாறியது. 1994-ல் கத்தோலிக்கரும் இவாஞ்சலிக்கல் சபையினரும் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். அதில் தாம் கையெழுத்திட்டதன் காரணத்தை இறையியலாளர் ஜே. ஐ. பாக்கர் விளக்கி எழுதியது இதே இதழில்தான்.

2019 டிசம்பரில், தம் மக்களில் பெரும்பாலோர் ஆதரித்த குடியரசுத் தலைவர் டிரம்ப் பதவி நீக்கப்படவேண்டும் என்று தலையங்கம் எழுதியது. கண்டனம் குவிந்தது. சிலர் சந்தாவை நிறுத்தினார்கள்.

அதைவிடக் கடினமானது 2022 மார்ச்சில் நடந்தது. தன் அலுவலகத்திலேயே பெண் ஊழியர்கள் பல ஆண்டுகளாகப் பாலியல் தொல்லைக்கு ஆளானதையும், முறையிட்டும் தக்க நடவடிக்கை இல்லாமல் போனதையும் அந்த இதழ் தன் செய்தியாளரைக் கொண்டே விசாரித்து வெளியிட்டது. வெளியாகும் முன் நிர்வாகத்தினர் அதைப் பார்க்கவில்லை. நிர்வாகமும் மன்னிப்புக் கேட்டது.

அன்பார்ந்தவர்களே, நம் வரலாற்றிலும் இத்தகைய குரல் எழுந்தது. 1985-ல் அமெரிக்காவின் 'நேஷனல் கத்தோலிக் ரிப்போர்ட்டர்' இதழ், குருக்கள் சிலர் சிறுவர்களுக்கு இழைத்த கொடுமையை எழுதியது. அன்றே செவிகொடுத்திருந்தால் எத்தனையோ பிள்ளைகளைக் காத்திருக்கலாம். திருச்சபையின் பெயர் கெடக்கூடாது என்று மூடி மறைத்தோம். காயப்பட்ட பிள்ளைகளும் திருச்சபைதான் என்பதை மறந்தோம்.

பிறர் கண்ணின் துரும்பைவிடத் தன் கண்ணின் மரக்கட்டையை முதலில் பார்க்கச் சொன்னார் நம் ஆண்டவர். பங்கின் கணக்கிலோ, அன்பியத்திலோ, குடும்பத்திலோ தவறு நடந்தால், "வெளியே சொல்லாதே, மானம் போய்விடும்" என்கிறோம். அந்தச் சொல்லால் வாயடைத்துப் போகிறவர் யார்? பெரும்பாலும் ஒரு பெண், ஒரு பிள்ளை, ஓர் ஏழை. இந்த வாரம் அப்படி ஒருவர் நம்மிடம் பேச வந்தால், தடுக்காமல் கேட்போம். அவருக்காக நிற்கும் துணிவைத் தூய ஆவியாரிடம் மன்றாடுவோம். ஆமென்.