தாஷ்கண்ட் தலைவரும் நீக்கக் கடிதமும்: எம்.பி.டி. ஆச்சார்யாவின் நாடுகடந்த அரசியல்

இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி பிறந்தது 1920 அக்டோபர் 17இல் தாஷ்கண்டிலா, 1925 டிசம்பரில் கான்பூரிலா என்ற வழக்கு இன்றும் முடியவில்லை. மார்க்சிஸ்ட் கட்சி முன்னதையும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி பின்னதையும் கொண்டாடுகின்றன. கான்பூர் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர் சிங்காரவேலர் என்பதைத் தமிழ் வாசகர் அறிவர். தாஷ்கண்ட் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் தலைவராகக் கையொப்பமிட்டவரும் சென்னையில் 1887இல் பிறந்தவர்தான் என்பது அவ்வளவு தெரிந்த செய்தியல்ல. அவர் மண்டயம் பார்த்தசாரதி திருமலை ஆச்சார்யா. மூன்றே மாதத்தில் அவர் அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். நீக்கத்துக்கு, கட்சியின் மற்றொரு நிறுவனரான எம்.என். ராயோடு ஏற்பட்ட குழுச் சண்டையே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது போதாத விளக்கம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அவர் அலைந்த வழியைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பாரதியின் 'இந்தியா' இதழோடு பிணைந்த மண்டயம் குடும்பத்தவர். 1908இன் இறுதியில் நாட்டை விட்டுப் புறப்பட்டு இந்தியப் புரட்சியாளர்கள் கூடிய லண்டன் இந்தியா ஹவுஸை அடைந்தார். 1909இல், ஸ்பானிய ராணுவத்தை எதிர்த்துப் போரிட்ட மொராக்கோ ரிஃப் மக்களோடு சேர்ந்து போர்முறை பயில ஜிப்ரால்டர்வரை போய்த் தோல்வியோடு திரும்பினார். பிறகு பாரிஸ், பெர்லின், இஸ்தான்புல், நியூயார்க், உலகப் போர்க் காலத்தில் இந்தியப் புரட்சியாளர்களின் பெர்லின் குழுவில் பணி, 1917இல் ஸ்டாக்ஹோம், 1919இல் மாஸ்கோவில் லெனினைச் சந்தித்த இந்தியர் குழுவில் ஓரிடம். அங்கிருந்து காபூல் சென்று அப்துர் ரப்போடு இந்தியப் புரட்சியாளர் சங்கத்தைத் தொடங்கினார். 1920இல் காபூலும் கைவிட, தாஷ்கண்ட் வந்து சேர்ந்தார்.

தாஷ்கண்ட் உறுப்பினர் பட்டியலில் ஏழு பெயர்கள் உள்ளன: ராய், அவர் மனைவி ஈவ்லின், அபனி முகர்ஜி, அவர் மனைவி ரோசா, முகம்மது அலி, முகம்மது ஷபீக், ஆச்சார்யா. ஏழாம் பெயர் வழக்கமான எம்.பி.டி. என்ற முன்னெழுத்துகளோடு இல்லை. 'பிரதிவாதி பயங்கர்' என்ற வைணவக் குடிப்பட்டத்தோடு இருக்கிறது. ராய் தரப்பு ஆவணங்களில் அவர் எம்.பி.பி.டி. ஆச்சார்யா ஆனதும் இதனால்தான். இவ்வடிவம் எப்படி வந்தது என்பதில் நான் உறுதி கொள்ளவில்லை. தலைமறைவுத் தேவை காரணமாகலாம், குடும்ப வழக்கும் காரணமாகலாம். ஆனால் எம்.பி.டி. என்று மட்டும் தேடுகிறவர் அவருடைய வாழ்வின் மிக முக்கியமான பக்கத்தைத் தவறவிடுவார்.

இனி ராயின் வாசிப்புக்கு வருவோம். பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில், கட்சி தொடங்கும் அவசரம் தம்முடையதல்ல என்கிறார் ராய். பிரிட்டிஷ் ஆட்சியை விட்டு ஹிஜ்ரத் பயணமாக வெளியேறி வந்த முஸ்லிம் இளைஞர்களில் சிலர் வற்புறுத்தினர். ஒரு சில அகதிகள் தங்களைக் கட்சி என்று அழைத்துக்கொள்வதில் பொருளில்லை என்று தாம் வாதாடியதாகச் சொல்கிறார். அவர்கள் மனம் சோரக் கூடாதே என்றுதான், அது பெயரளவுக் கட்சியாகவே இருக்கும் எனத் தெரிந்தும் இசைந்தார். தாஷ்கண்ட் பற்றிப் பின்னர் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இந்தச் சித்திரத்தின் நிழலில் நிற்கிறது. ஆனால் இது 1921 ஜனவரிக் கடிதத்தோடு பொருந்தவில்லை. கம்யூனிச எதிர்ப்புப் பிரச்சாரம் செய்வோருக்குத் துணைநின்றார் என்று குற்றம்சாட்டி ஆச்சார்யாவைத் தலைவர் பொறுப்பிலிருந்து அகற்றும் கடிதம் அது. பெயரளவுக் கட்சியில் நீக்கம் எதற்கு? கட்சி வெறும் பெயர் என்றால் அதன் தலைவர் யாரோடு பழகினால் என்ன? அன்று ராய் அந்தக் கட்சியை முழு அதிகாரமுள்ள அமைப்பாகவே நடத்தினார். 'பெயரளவு' என்ற மதிப்பீடு, 1929இல் கம்யூனிஸ்ட் அகிலமான கொமின்டெர்னிலிருந்து தாமே விலக்கப்பட்ட பிறகு பின்னோக்கிப் பார்த்த ஒருவருடைய மதிப்பீடு.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். பெயரளவு என்று ராய் சொன்னது தாயகத்தில் மக்கள் தளம் இல்லை என்ற பொருளில்தான், உள் ஒழுங்கு இல்லை என்ற பொருளில் அல்ல என்று வாதிடலாம். வலுவான மறுப்பு இது. ஆனால் ஆச்சார்யாவின் நிலைப்பாட்டுக்கே இது வலுச் சேர்க்கிறது. தளம் இல்லாத இடத்தில் ஒழுங்கு மட்டும் இருக்குமானால், அந்த ஒழுங்கு யாருக்குப் பதில் சொல்கிறது? கடிதம் சுட்டும் எதிர்ப்பாளர்கள் பெரும்பாலும் அப்துர் ரப் குழுவினராகவே இருக்க வேண்டும். விடுதலைக்கு உழைப்பவர் அனைவரையும் அணைத்த பழைய சங்கத்தின் உறவுகளை முறித்துக்கொள்ள ஆச்சார்யா மறுத்தார் என்றே இதைப் படிக்கிறேன். சான்று மெலிந்த இடம் இது, மறுக்கவில்லை. ஆனால் அதே 1921இல் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா தலைமையில் பெர்லினிலிருந்து மாஸ்கோ வந்தவர்களும் ராயின் தனித்தலைமையை எதிர்த்து, தேசிய ஒற்றுமையை முன்வைத்தே வாதாடினர். வேறு வழியாக வந்தவர்களும் அதே புள்ளியில் மோதியிருக்க, காரணத்தை இருவருடைய மனக்கசப்பில் மட்டும் தேடுவது நியாயமல்ல.

அதன் பின் அவர் நடந்த திசையும் இதையே காட்டுகிறது. ஓவியர் மாக்தா நாக்மனை மணந்து 1922இல் பெர்லின் சென்றார். அவ்வாண்டு டிசம்பரில் அங்கே கூடிய அனார்க்கோ-சிண்டிகலிஸ்ட் அகிலத்தின் தொடக்க மாநாட்டில் பங்கேற்றார். அவர் எந்த நாளில் அரசற்ற சமதர்மத்துக்கு மாறினார் என்று குறிக்க முயல்வது வீண். 1919க்கும் 1922க்கும் இடையே படிப்படியாக நடந்த நகர்வு அது. உழைப்பின் ஆட்சி உழைப்பவர் கையில் இருக்க வேண்டும், கட்சியிடமோ அரசிடமோ அல்ல என்பது அவர் இறுதிவரை எழுதிய கருத்து. தறியும் வீடும் ஒட்டி நிற்கும், சேலம் பக்கத்து இளம்பிள்ளை போன்ற ஊரில் இதைக் கனவுவாதம் என்று ஒதுக்க முடியாது. நெய்பவர், நூல் தருபவர், விலை வைப்பவர் யார் யார் என்பது அங்கே அன்றாடக் கேள்வி.

நாஜிகளின் எழுச்சிக்குப் பின் 1935இல் அவர் பம்பாய் திரும்பினார். நாடுகடந்த வேறு சிலரோடு அவரை ஒப்பிடலாம்: நான்காண்டு கழித்து, தோற்ற ஸ்பானியக் குடியரசின் சோஷலிஸ்டுகள் நாடுகடந்தபோது மெக்சிகோ அரசு அவர்களை ஏற்றது. அவர்களின் தலைவர்களுள் ஒருவரான இந்தலேசியோ பிரியெதோவால் அங்கிருந்தே தம் கட்சி அரசியலைத் தொடர முடிந்தது. ஆச்சார்யாவுக்கு அப்படி ஓர் அரசின் ஆதரவும் இல்லை, கட்சியும் இல்லை. பிரிட்டன் அவரைத் துரத்தியது, தாம் தொடங்கிய கட்சி அவரைத் தள்ளியது. பம்பாயில் லோட்வாலாவின் சமூகவியல் நிறுவனத்தோடு சேர்ந்து எழுதியதே எஞ்சிய பணி.

1948இல் ராய் தம் ராடிகல் ஜனநாயகக் கட்சியைக் கலைத்துவிட்டு, கட்சியில்லாத ஜனநாயகத்தைப் பேசத் தொடங்கினார். ஆச்சார்யா கால் நூற்றாண்டுக்கு முன்பே வந்து நின்ற இடத்துக்கு அருகில் அவர் வந்தது அப்போதுதான். ராய் 1954 ஜனவரி 25இல் டேராடூனில் இறந்தார். ஆச்சார்யா மார்ச் 20இல் பம்பாயில் இறந்தார். 1920ஐப் பிறந்த ஆண்டாகக் கொள்ளும் கட்சி வரலாறுகள், தலைவர் கையொப்பத்தை அச்சிடும் பக்கத்திலேயே அவரை நீக்கிய கடிதத்தையும் அச்சிட வேண்டும்.