குழிந்த நகம்

ஆடலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் வெயில் தரையைத் தொடுவது அபூர்வம். மரநிழல், மக்கிய சருகு, ஓயாத ஈரம். காப்பிச் செடிக்கு உகந்த இத்தகைய மண்தான் கொக்கிப்புழுவுக்கும் உகந்தது. மலைத் தோட்டங்களின் பழைய துயரம் இது.

புழுவின் நீளம் ஒரு சென்டிமீட்டர்தான். 1838-ல் மிலான் நகரத்து டுபினி என்ற வைத்தியர் அதைக் கண்டார். மண்ணிலிருக்கும் இளம்புழு தோலைத் துளைத்துக்கொண்டே உடம்புக்குள் நுழைகிறது என்று தெரிய மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. கெய்ரோவில் லூஸ் என்பவரின் கையில் புழுக்கள் கலந்த நீர் தற்செயலாகச் சிந்தப்போய் அந்த உண்மை வெளிப்பட்டது. வெறுங்காலோடு நடப்பவர் கதி என்ன? புழு குடலில் தங்கி இரத்தத்தைக் குடிக்கிறது.

இதை நகத்தில் பார்க்கலாம். இரத்தம் குறையக் குறைய நகம் வெளுக்கும். இரும்புச் சத்து அடியோடு வற்றினால் சிலருக்கு நகம் மெலிந்து, விளிம்பு மேலெழுந்து, கரண்டிபோல் குழிந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழியாமல் நிற்கும். (கைக்குழந்தையின் கால் நகம் இயல்பாகவே இப்படி இருப்பதுண்டு, தாய்மார்கள் பயப்பட வேண்டாம்.)

நம்மவர்கள் கூட்டங்கூட்டமாகப் பிழைக்கப் போன இலங்கைத் தோட்டங்களில் இந்தக் கதை விரிவாகப் பதிவாகியிருக்கிறது. கொழுந்துக் கூடை பாதி நிறையுமுன் மூச்சு வாங்கி உட்கார்ந்தவளைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது சுலபம். அவள் விரலைப் பிடித்துப் பார்க்க யாருக்குப் பொழுது? கங்காணியை மட்டும் குறை சொல்வானேன்! 1902-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று இந்தப் புழுவுக்கே 'சோம்பல் கிருமி' என்று பட்டம் கட்டியது.

1916-ல் ராக்பெல்லர் அறநிலையத்தார் மாத்தளைப் பகுதியில் புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரிடம் புழு இருந்தது. கீனோபோடிய எண்ணெய் கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால் கக்கூஸ் கட்டச் செலவழிக்கத் தோட்டத் துரைமார் பலர் தயங்கினார்கள். மருந்து குடித்தவன் மறுநாளும் அதே மண்ணில்தான் நடந்தான்; புழு திரும்பி வந்தது.

கை நகம் மாதத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர்தான் வளர்கிறது. புழு போய், இரும்புச் சத்தும் சேர்ந்தால், குழிந்த நகம் தள்ளப்பட்டு நல்ல நகம் வர ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதமும் காலில் செருப்பு இருக்க வேண்டும்.