கர்ணம் வீட்டுப் பதிவேடும் பஞ்சமி நிலமும்

கோவில்பதாகையில் இருக்கும் ஒருவர் இன்று கைபேசியிலேயே பட்டா, சிட்டா பார்த்துவிடலாம். அரசு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் ‘அ’ பதிவேட்டின் விவரமும் வருகிறது. காசு கேட்பதில்லை. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் தலித் மக்களின் நில உரிமைக்கு ஆதாரமான பழைய பதிவுகள் பல அந்தத் திரையில் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

ஆவடி வட்டாரம் 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் உருவாகும்வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. பஞ்சமி நிலத்தின் கதை தொடங்குவதும் அந்த மாவட்டத்தில்தான். 1891-இல் அங்கே ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். தரிசு நிலம் கேட்டு சேரியிலிருந்து ஒருவர் மனு போட்டால், மிராசுதார்கள் தங்கள் முன்னுரிமையைக் காட்டி அதைத் தடுத்துவிடுவார்கள். குடிசை போட்டிருந்த மனைகூட நம் மக்களுக்குச் சொந்தமில்லை. இதையெல்லாம் அவர் எழுத்தில் வைத்தார். அதன் பிறகே 1892 செப்டம்பர் 30-இல் அரசாணை 1010 பிறந்தது.

அந்த ஏற்பாட்டில் கொடுக்கப்பட்ட நிலத்தை முதல் 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறிச் செய்த விற்பனை செல்லாது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மாகாணம் முழுக்க இப்படி சுமார் 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது.

ஆணை வந்தது. ஆனால் எந்தப் புல எண் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற கணக்கு யார் கையில் இருந்தது? பரம்பரைக் கர்ணத்தின் கையில். அவர் ஊரில் இருந்தார். நாம் சேரியில் இருந்தோம். பொதுச்சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றுக்குள் எந்த வகுப்பினரும் போகலாம் என்று சொல்வதற்கே 1924-இல் ஓர் அரசாணை தேவைப்பட்டது. அதற்காகச் சட்டமன்றத்தில் போராடியவர்கள் இரட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் போன்றோர். அலுவலகத்துக்குள் கால்வைக்கவே ஆணை வேண்டியிருந்த காலத்தில், பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க யாருக்கு முடிந்திருக்கும்? பரம்பரைக் கர்ணம் பதவி 1980-இல்தான் ஒழிக்கப்பட்டது.

இதற்கிடையே 1979-இல் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. யு.டி.ஆர். என்றால் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்போது யார் அனுபவத்தில் நிலம் இருந்ததோ அவர் பெயர் ஏறியது, உட்பிரிவுகள் மாறின. பஞ்சமி நிலம் என்ற குறிப்பு பல ஊர்களில் புதிய பதிவேட்டுக்கு வந்து சேரவில்லை என்பது நில மீட்புப் போராட்டக்காரர்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. இணையத்தில் இன்று நாம் பார்ப்பது இந்தப் புதிய கணக்கின் தொடர்ச்சிதான்.

காரணை பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். அரசு ஏட்டில் நம் பெயரில் இருந்த நிலத்தைக் கேட்டதற்கான விலை அது.

அதே ஆண்டு டிசம்பரில், ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் அரசுக் கணக்குகளை ஊர் மக்கள் முன்னால் உரக்கப் படிக்கும் பொது விசாரணையைத் தொடங்கியது. அத்தகைய போராட்டங்களின் வழியில்தான் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. தமிழ்நாடு 1997-லேயே ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. ஆனால் அதில் விலக்குகள் ஏராளம்.

2005 சட்டத்தில் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. ஏன் கேட்கிறாய் என்று கேட்க அதிகாரிக்கு உரிமை கிடையாது. 30 நாளில் பதில் தர வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தாக்க உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. இந்தக் கடைசி விதியை நம் மக்களிடம் முதலில் சொல்லுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

எனவே மனு எழுதும்போது இன்றைய பட்டாவோடு நிறுத்திவிடக் கூடாது. யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டின் சான்றிட்ட நகலைப் புல எண்ணோடு கேட்க வேண்டும். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்தால்தான் எந்த இடத்தில் நம் பெயர் விழுந்தது என்று தெரியும்.

மனு போட்டவருக்கு மட்டும் தகவல் கிடைத்தால் போதாது. மக்கள் கேட்காமலே அரசு தானாக வெளியிட வேண்டியவை உண்டு என்று அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலகத்திலும் பழைய பதிவேட்டின்படி பஞ்சமி நிலப் பட்டியலை ஒட்டுங்கள். கிராம சபையில் படியுங்கள்; ஆவடிபோல மாநகராட்சியாகிவிட்ட இடங்களில் பகுதி சபையில் படியுங்கள். மனை விலை ஏற ஏறப் பழைய ஏடுகள் இன்னும் ஆழத்துக்குப் போகும். அதற்குள் அவற்றை வெளியே எடுக்க வேண்டும்.