உத்தமசோழன் மீதான பழியும் கோவிந்தபுத்தூர்ச் சான்றும்

சோழ இளவரசன் இரண்டாம் ஆதித்தனாகிய ஆதித்த கரிகாலன் கொலையில் உத்தமசோழனுக்குப் பங்கு இருந்தது என்ற கருத்து இன்று தமிழகத்தில் ஏறக்குறைய முடிந்த முடிபாகவே பேசப்படுகிறது. அதற்கு வரலாற்று நூலின் தகுதியைத் தந்தவர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி. அதை மறுத்தவர்களில் முதன்மையானவர் தி. வை. சதாசிவப் பண்டாரத்தார். பண்டாரத்தாரின் முடிவே சரி என்பதும், அதற்கு வலுவூட்டும் சான்று அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இருவரும் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மூன்று நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். சாஸ்திரி கல்லிடைக்குறிச்சியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய சோழர் வரலாறு ஆங்கிலத்தில் 1935இலும் 1937இலும் வெளிவந்தது. பண்டாரத்தார் திருப்புறம்பியத்துக்காரர். கும்பகோணம் பாணாதுரை உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் தமிழாசிரியராக இருந்து, 1942இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழாராய்ச்சித் துறைக்குச் சென்றார். 1960இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார். 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தின் முதற்பகுதி 1949இலும் இரண்டாம் பகுதி 1951இலும் வந்தன. மூன்றாம் பகுதி அவர் மறைவுக்குப் பின் 1961இல் வந்தது. கல்வெட்டையும் இலக்கியத்தையும் ஒன்றோடொன்று வைத்து உரசிப் பார்ப்பது அவர் முறை. சோழர் வரலாற்றைத் தமிழிலேயே, தமிழ் படித்தவர் சரிபார்க்கக்கூடிய சான்றுகளோடு எழுத முடியும் என்று காட்டியவர் அவர்.

வழக்கின் மையம் காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. எபிகிராபியா இண்டிகாவின் 21ஆம் தொகுதியில் இதைப் பதிப்பித்தவர் சாஸ்திரியே. பாண்டியனைத் தலைகொண்ட கரிகாலசோழனைக் கொன்ற துரோகிகளின் உடைமைகளைக் கைப்பற்றும்படி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் விடுத்த ஆணையை அது கூறுகிறது. சோமன், பஞ்சவன் பிரமாதிராசனான ரவிதாசன், இருமுடிசோழப் பிரமாதிராசனான பரமேசுவரன் ஆகியோர் பெயர் சுட்டப்படுகிறார்கள். ஆண்டு இராசகேசரியின் 2. ஆதித்தன் தந்தை சுந்தரசோழனும் இராசகேசரியே. ஆனால் அவனது இரண்டாம் ஆட்சியாண்டு கொலைக்கு வெகுகாலம் முந்தியது. ஆகவே இந்த இராசகேசரி, 985இல் அரியணை ஏறிய, ஆதித்தனின் தம்பி முதலாம் இராசராசனே.

சாஸ்திரியின் வாதம் மூன்று படிகளால் ஆனது. கொலை நடந்தபின் அரசுரிமை இராசராசனுக்கு வராமல் உத்தமசோழனுக்குப் போயிற்று. இராசராசன் தன் சிற்றப்பனான உத்தமசோழனுக்கு ஆட்சியில் விருப்பம் உள்ளவரை தான் அதை விரும்பவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. உத்தமசோழனின் பதினைந்தாண்டு ஆட்சியில் துரோகிகள் தண்டிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. அடுத்த அரசன் வந்த இரண்டாம் ஆண்டில்தான் ஆணை பிறக்கிறது. இம்மூன்றையும் சேர்த்து, உத்தமசோழன் சதியில் தொடர்பு கொண்டிருந்தான் என்று சாஸ்திரி முடிவு கட்டினார்.

இந்த முடிவின் கனம் முழுவதும் மூன்றாம் படியின் மேல் நிற்கிறது. முதற்படி, கொலையால் யார் பயனடைந்தார் என்பதை மட்டுமே காட்டுகிறது. பயனடைந்தவரே செய்தவர் என்று சொல்ல அது போதாது. இரண்டாம் படியிலுள்ள செப்பேடு இராசராசனின் மகன் இராசேந்திரன் காலத்தது. அதில் இருப்பது இராசராசனின் பெருந்தன்மைக்கான புகழ்ச்சி. உத்தமசோழன் அரசை விரும்பினான் என்று அது சொல்கிறது, கொலையை விரும்பினான் என்று சொல்லவில்லை. இந்த இரண்டு விருப்பங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சாஸ்திரி ஊகத்தால் கடந்தார்.

மூன்றாம் படியைக் கவனமாகப் பார்க்க வேண்டும். உடையார்குடிக் கல்வெட்டு பொறிக்கப்பட்டதன் நோக்கம் தண்டனையை அறிவிப்பதன்று. சபையிடமிருந்து வியாழகஜமல்லன் என்பவர் நிலம் வாங்கி அறத்துக்கு வைத்தார். அந்த நிலம் சபையின் கைக்கு எப்படி வந்தது என்பதை நிறுவவே அரச ஆணை எடுத்தெழுதப்பட்டது. ஒரு கிரையப் பத்திரத்தில் மூலப்பத்திர விவரம் இடம்பெறுவது போன்றது இது. வழக்கின் முழு வரலாற்றையும் அதில் தேடுவது அந்த ஆவணம் சுமக்க முடியாத சுமை. உத்தமசோழன் காலத்திலேயே நடவடிக்கை தொடங்கிவிட்டது என்று வாதிடுவோரும் உண்டு. அவர்களோடும் என்னால் முழுமையாக உடன்பட முடியவில்லை. ஆணை இராசராசன் பெயரில் இருக்கிறது. அதற்குமுன் ஏதும் நடக்கவில்லை என்பதற்கும் சான்றில்லை, நடந்தது என்பதற்கும் சான்றில்லை.

அந்த ஆணையில் உள்ள வேறொரு கூறு போதிய கவனம் பெறவில்லை. துரோகிகளோடு ஆணை நிற்பதில்லை. அவர்களின் தம்பிமார், மக்கள், தாய்மார், பெரியப்பன்மார், மாமன்மார் என்று விரிந்து, அவர்களுடன் பெண் கொண்டவர் வரை செல்கிறது. கல்யாண உறவையும் விடாமல் வலையை இவ்வளவு அகலமாக வீசிய அரசு, உத்தமசோழனையே சதிகாரனாகக் கருதியிருந்தால் அவனுடைய ஆட்களை எப்படி நடத்தியிருக்கும்?

இதற்கு விடை கோவிந்தபுத்தூரில் இருக்கிறது. அரியலூர் மாவட்டத்தின் இவ்வூர், சம்பந்தரும் அப்பரும் பாடிய விசயமங்கை. அதன் சிவன் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர் குவளாலமுடையான் அம்பலவன் பழுவூர் நக்கன். குவளாலம் என்பது இன்றைய கோலார். உத்தமசோழன் கல்வெட்டில் இவர் அரசனின் பெருந்தரத்து அதிகாரி. விக்கிரமசோழ மாராயன் என்ற பட்டம் பெற்றவர். இராசராசன் காலத்தில் இதே மனிதர் இராசராசப் பல்லவரையன் என்ற பட்டத்தோடு தோன்றுகிறார்.

ஒரே பெயர், இரண்டு பட்டங்கள். இரண்டாம் பட்டம் புதிய அரசனின் சொந்தப் பெயரைத் தாங்கியது. முந்தைய அரசனிடம் உயர்நிலையில் இருந்த ஒருவர் விலக்கப்படாததோடு சிறப்பிக்கவும் படுகிறார். நிர்வாகத் தேவை கருதி அரசர்கள் பழைய அதிகாரிகளை வைத்துக்கொள்வது இயல்புதானே என்று கேட்கலாம். வைத்துக்கொள்வது இயல்புதான். ஆனால் அண்ணனைக் கொன்றவர்களின் மருமக்கள் நிலத்தைக்கூடப் பறித்த அரசன், கொலைக்கு உடந்தை என்று தான் நம்பிய ஒருவனின் நெருங்கிய அதிகாரிக்குத் தன் பெயரையே பட்டமாகச் சூட்டியிருப்பான் என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஒரு மனிதரின் பட்டம் தனியாக நின்றால் மெலிந்த சான்றே. ஆனால் அது தனியாக இல்லை. உத்தமசோழனின் மகனாகக் கருதப்படும் மதுராந்தகன் கண்டராதித்தன், இராசராசன் ஆட்சியில் கோயில் காரியங்களை ஆராயும் உயர் பொறுப்பில் இருந்தார். உத்தமசோழனின் தாய் செம்பியன் மாதேவி இராசராசன் காலத்திலும் மதிப்போடு வாழ்ந்து கற்றளிகள் எடுப்பித்தார். இராசராசன் மகன் இராசேந்திரனின் இயற்பெயர் மதுராந்தகன். உத்தமசோழனின் பெயரும் அதுவே. இதே மாவட்டத்துப் பழுவூரில் பழுவேட்டரையர்கள் இராசராசன் ஆட்சியிலும் அதிகாரத்தோடு இருந்தார்கள் என்பதை அவர்களுள் ஒருவரான கண்டன் மறவனின் கல்வெட்டுகள் காட்டுகின்றன. 1950இல் தொடராக வரத் தொடங்கிய கல்கியின் 'பொன்னியின் செல்வன்' பழுவேட்டரையர்களைச் சதியின் நடுவில் வைத்தது கதையின் உரிமை. உடையார்குடிக் கல்வெட்டில் அவர்கள் பெயர் இல்லை.

அம்பலவன் பெயரிலுள்ள 'பழுவூர்' எதைக் குறிக்கிறது என்பது தீராத கேள்வி. கோலார்க்காரர் ஒருவர் பழுவூர்ப் பெயரைத் தாங்கக் காரணம் பிறப்பா, பணியா, பழுவூர் இறைவன்மீது கொண்ட பற்றா என்பதை இப்போதுள்ள வாசகங்களைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. கொலை நடந்த ஆண்டும் அப்படியே. 969ஐ ஒட்டியது என்பதற்கு மேல் துல்லியம் கோருவது நேர்மையாகாது. பஞ்சவன் பிரமாதிராசன் என்ற பட்டத்தில் உள்ள பாண்டியத் தொடர்பும் திறந்த கேள்வியே. துரோகிகள் சோழ அரசின் அதிகாரிகள் என்பதை அவர்களின் பட்டங்கள் காட்டுகின்றன; அவர்களை ஏவியவர் யார் என்பதைக் காட்டவில்லை.

அரியலூர் மாவட்டத்துக் கண்டராதித்தம் உத்தமசோழனின் தந்தை பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அங்குள்ள பேரேரி தாய் செம்பியன் மாதேவியின் பெயரைத் தாங்குகிறது. அந்தப் பெற்றோரின் மகன்மீது ஆயிரம் ஆண்டுக்குப் பின் கொலைப்பழி சுமத்துவதற்குக் கல்லில் ஆதாரம் வேண்டும். உடையார்குடியில் அது இல்லை. கோவிந்தபுத்தூர் அதற்கு எதிராகப் பேசுகிறது. இவ்விரு கோயில்களின் கல்வெட்டுகளையும் அருகருகே வைத்து மீண்டும் படிக்க இளம் ஆய்வாளர்கள் முன்வர வேண்டும். பண்டாரத்தார் தொடங்கிய மறுப்பை அவர்கள் நிறைவு செய்ய வேண்டும்.