எழும்பூர் மணல்

தொடக்கப் பள்ளிக்குள் கற்றல் கருவிகள் நுழைந்த கதையைத் தொலைக்காட்சியிலிருந்தோ கணினியிலிருந்தோ தொடங்குவதே வழக்கம். மணலிலிருந்து தொடங்கினால் கணக்கு வேறாக வரும். 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் அதைச் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் மனமில்லாமல் இழுத்தடித்தார்கள். அவரோ எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பையே ஒப்படைத்துவிட்டார். (நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை ஏற்கெனவே செய்துவந்த வேலைதான்.) 1797இல் லண்டனில் அவர் இதை நூலாக்கினார், பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிக்கும் இந்த 'மதராஸ் முறை' இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்குப் போனது, மணல் தட்டும் கூடவே போனது.

காகிதச் செலவு மிச்சம் என்பதால்தான் மணல் பரவியது என்பார்கள். அது பாதி உண்மை. மணலின் முன் எந்தப் பிள்ளையும் வெறுமனே உட்கார்ந்திருக்க முடியாது. பிழையை உள்ளங்கையால் அழித்து உடனே மறுபடி எழுதலாம், பக்கத்திலிருக்கும் மூத்த பிள்ளை அங்கேயே திருத்தலாம். அந்த முறை பின்னாளில் வெறும் மனப்பாட ஆலையாகிவிட்டதே என்று கேட்கலாம். ஆனது உண்மைதான். ஆனால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே ஆசிரியர் தலையில் கட்டிய சிக்கனம் செய்த கேடு அது. அந்தப் பழியை மணல்மேல் போடுவது நியாயமில்லை.

இனி தொலைக்காட்சியை மணலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியே இந்தியாவின் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனது. தமிழ்நாடு அதில் இல்லை. காலை நிகழ்ச்சிகள் பள்ளிப் பிள்ளைகளுக்கானவை. வியப்பு நிறைய இருந்தது, விரலுக்குத்தான் வேலையில்லை. மாறாக, ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் அனுபவத்திலிருந்து கிளைத்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், அட்டைகளையும் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் தாழ்வான கரும்பலகைகளையும் கொடுத்தது. மின்சாரமே வேண்டாத அந்தப் பலகைதான் எழும்பூர் மணலுக்கு நேர் வாரிசு. இன்றைய செயலிகள் பிள்ளைக்குப் பதில் சொல்கின்றனவே என்றால், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: கையில் இருந்து, பிழையைக் காட்டித் திருத்தவிடும் செயலி தொலைக்காட்சியைவிட மணலுக்கு நெருக்கமானது. அதையே சுவரில் ஒற்றைத் திரையாக மாட்டினால் வகுப்பு மறுபடி பார்வையாளர் கூட்டமாகிவிடும். 2020இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது கல்வித் தொலைக்காட்சி வீடுவரை வந்தது. அப்போது வேறு வழியும் குறைவு. அதற்கு அடுத்த ஆண்டே அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைத் தெருத் தெருவாக அனுப்பிப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார வைத்தது.