நாளந்தாவின் நாழிகை வட்டில்

கடும் போட்டியில் வென்று உயர்கல்வி நிறுவனத்துக்குள் நுழையும் மாணவருக்கு முதல் வாரத்திலேயே ‘நேர மேலாண்மை’ பற்றி உரை நிகழ்த்துகிறோம். பாடச்சுமையை விதிப்பது நிறுவனம்; அதற்கு நேரம் தேடுவது மாணவர் பொறுப்பு. இந்தப் பிரிவினை என்றும் உள்ளதுபோல நமக்குத் தோன்றுகிறது. 7ஆம் நூற்றாண்டு நாளந்தா வேறொன்றைக் காட்டுகிறது.

நாளந்தாவில் நுழைவது எளிதன்று. விவாதங்களில் பங்குகொள்ள வந்தோரிடம் வாயிலிலேயே கடினமான வினாக்கள் கேட்கப்பட்டன என்றும், 10 பேரில் 7, 8 பேர் திரும்பிச் சென்றனர் என்றும் யுவான் சுவாங் எழுதுகிறார். அவருக்குப் பின் அங்கே ஏறத்தாழப் 10 ஆண்டுகள் பயின்ற இ-சிங், 3,000க்கும் மேற்பட்ட துறவியர் வாழ்ந்ததாகக் குறிக்கிறார்.

இ-சிங் தரும் இலக்கணப் பாடத்திட்டம் இன்றைய மொழியியல் மாணவரையும் மலைக்கவைக்கும். 8 வயதில் பாணினியின் சூத்திரங்கள், அவற்றுக்கு 8 மாதம். 10 வயதில் வேர்ச்சொல், சொல்லாக்கம் பற்றிய துணைநூல்கள், 3 ஆண்டு. 15 வயதில் ஜயாதித்தரின் விருத்தியுரை, 5 ஆண்டு. இவற்றைக் கடந்த பிறகே நாளந்தாவிலோ வலபியிலோ இரண்டு மூன்று ஆண்டு உயர்கல்வி. சுமை பெரிதுதான், ஆயினும் ஒவ்வொரு நூலுக்கும் உரிய காலம் அந்த நூலோடு சேர்த்தே சொல்லப்பட்டது.

அன்றாடப் பொழுதும் அவ்வாறே. செம்புக் கலத்து நீரில், அடியில் ஊசித்துளையிட்ட மெல்லிய வட்டில் மிதக்கும். அது நிறைந்து மூழ்குந்தோறும் முரசு ஒலிக்கும். காலையில் நீராட மணி அடிக்கப்படும். நண்பகல் முரசுக்குப் பின் உணவில்லை. முற்பகலிலும் மாலையிலும் உலாவுவது இந்திய மடங்களில் வழக்கம். உடல்நலத்துக்கு அது உகந்தது என்கிறார் இ-சிங். இரவின் மூன்று யாமங்களில் முதலும் கடையும் தியானத்துக்கும் ஓதலுக்கும் உரியவை, நடுயாமம் உறக்கத்துக்கு. உறக்கமும் ஒழுங்குவிதியின் பகுதியாகவே இருந்தது.

இதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. அந்த ஒழுங்கு துறவறத்துக்கு உரியது. உண்ணும் வேளையைக்கூடக் கட்டுப்படுத்தியது. மேலும், மடத்துக்கு உரியனவாக 200க்கும் மேற்பட்ட ஊர்கள் இருந்தன என்று இ-சிங்கே பதிகிறார். கற்றோரின் ஓய்வு உழுதோரின் உழைப்பில் நின்றது. அவர்களுடைய பொழுதை எந்த வட்டில் அளந்தது என்பதற்கு அவரது நூலில் விடை இல்லை.

ஆயினும் ஒரு செய்தி எஞ்சுகிறது. கற்பவரின் நேரத்துக்கு எல்லை உண்டு என்பதை அங்கே நிறுவனம் ஒப்புக்கொண்டு, எல்லோர் செவியிலும் விழுமாறு முரசறைந்தது. நம்மிடமும் கணக்கு இருக்கிறது. 2023இல் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, ஓராண்டுக்கு 1,200 கற்றல் மணிநேரம், 40 கிரெடிட் என்று வரையறுக்கிறது. ஆனால் ஒவ்வொரு தாளின் ஆசிரியரும் தமது ஒப்படைப்புகளை மட்டுமே அறிவார். எல்லாத் தாள்களின் ஒப்படைப்புகளும் ஒரே வாரத்தில் குவிவதை மாணவர் மட்டுமே அறிவார்.

மாணவரிடம் நேர மேலாண்மை கேட்பதற்கு முன், அந்தக் கூட்டுத்தொகையைத் துறைகள் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். வட்டில் எப்போதோ நிறைந்து மூழ்கிவிட்டது என்பது தெரியவரும்.