எடைக்குறைப்பு ஆபரேஷனும் குன்னூர் ஆய்வுக்கூடமும்



2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு உங்களில் சிலர், "சார், இதைச் செய்துகொள்ளலாமா?" என்று கேட்டீர்கள். நான் டாக்டர் இல்லை, வரலாற்று வாத்தியார். எனக்குத் தெரிந்த வரலாற்றைச் சொல்கிறேன்.

1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், சாப்பாடு சிறுகுடலின் பெரும்பகுதியைத் தொடாமல் போகும்படி ஒரு குறுக்குவழி அமைத்தார்கள். எடை குறைந்தது. ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. 1980 வாக்கில் அந்த முறையைக் கைவிட்டார்கள். 1966-இல் அயோவாவில் எட்வர்ட் மேசன் இரைப்பை பைபாஸைக் கொண்டுவந்தார். இன்று அதிகம் நடப்பது 'ஸ்லீவ்'. இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள்.

தையல் போட்ட இடத்தில் கசிவு, ரத்தக்கசிவு, காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது ஆகியவை முதல் சில வாரங்களின் ஆபத்துகள். அனுபவமுள்ள இடங்களில் இவை குறைவு. பலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வருகிறது என்பதும் உண்மை.

நான் சொல்ல வந்தது வேறொரு ஆபத்து. அதன் கதை நம் நீலகிரியில் இருக்கிறது.

மில்லில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியே முக்கிய உணவாக இருந்த இடங்களில், கால் மரத்து, நடை தளர்ந்து, இதயம் வீங்கி மக்கள் இறந்தார்கள். அதற்குப் பெயர் பெரிபெரி. 1890-களில் ஜாவாவில் ஐக்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கும் அதே போன்ற நோய் வருவதைக் கண்டார். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நோய்க்குக் காரணம், தவிட்டோடு போய்விட்ட தயமின், அதாவது வைட்டமின் பி1. நெல்லை அவிக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்குவதால், புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள்.

அரிசியால் வந்த அதே குறைபாடு இன்று ஆபரேஷனுக்குப் பிறகு வருகிறது. தயமின் நம் உடலில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். ஆபரேஷன் ஆனவர் சாப்பிட முடியாமல் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தால் அது தீர்ந்துவிடும். பார்வை இரட்டையாகத் தெரியும், நடை தடுமாறும், பேச்சில் குழப்பம் வரும். உடனே தயமின் ஊசி போட்டால் காப்பாற்றலாம். தாமதித்தால் ஞாபகசக்தி திரும்பாமலே போகலாம். "ஆபரேஷன் பண்ணினால் வாந்தி வரத்தான் செய்யும்" என்று வீட்டில் இருந்துவிடுவதில்தான் ஆபத்து.

பி12, இரும்புச்சத்துக் குறைவு மெதுவாக, வருடங்கள் கழித்துக்கூட வரும். எடை குறைந்துவிட்டதே என்று மாத்திரையை நிறுத்துபவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் வருகிறது.

நம்மூர் சீரகச் சம்பா பிரியாணியை அளவாகச் சாப்பிடுங்கள் என்பது எல்லோருக்கும். ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்கள் முதலில் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எனக்கு இது உண்மையிலேயே தேவையா? இரவில் சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது? ரத்தப் பரிசோதனை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் மாத்திரையை நிறுத்தாதீர்கள். வாந்தி இரண்டு நாளைக்கு மேல் நீடித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், "எனக்கு இரைப்பை ஆபரேஷன் ஆகியிருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

தேவைப்படுவோருக்கு இதை அனுப்புங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் வரலாற்று ஆசிரியர்,
திண்டுக்கல்.